கண் மூடுகிறதா? – முகவாதத்தை அளக்கும் ஆறு படிகள்



எங்கள் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கு முகம் கோணிய நிலையில் வருகிறவர்களின் சீட்டில், நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம் இவற்றுக்குக் கீழே "முகம்: 4" என்றோ "முகம்: 2" என்றோ ஓர் எண் எழுதப்படும். மருத்துவமனையைப் பார்வையிட வரும் சபையார் சிலர் இதைக் கேள்விப்பட்டு, "முகத்துக்குக்கூடவா மார்க் போடுகிறீர்கள்?" என்று சிரித்துக்கொண்டே கேட்டிருக்கிறார்கள். ஆம், போடுகிறோம். ஆனால் இது பள்ளிக்கூட மார்க்குக்கு நேர் எதிரானது. 1 என்றால் குறை ஒன்றும் இல்லாத முகம். 6 என்றால் ஒரு பக்கம் முழுவதும் அசைவற்றுப்போன முகம். இந்த எண் எப்படிக் கிடைக்கிறது, எதற்கு உதவுகிறது, எந்த இடத்தில் போதாமல் போகிறது என்பதை இவ்விதழில் சற்று விரிவாக எழுதுகிறோம்.

முகவாதம் பெரும்பாலும் காலையில்தான் தெரியவரும். பல் துலக்கி வாய் கொப்பளிக்கும்போது தண்ணீர் வாயில் நிற்காமல் ஒரு ஓரமாக ஒழுகும். கண்ணாடியில் பார்த்தால் வாய் ஒரு பக்கம் இழுத்திருக்கும்; மற்றப் பக்கத்துக் கண் மூடாது. வீட்டிலுள்ள பெரியவர்கள் "காத்து கருப்பு பட்டுவிட்டது" என்பார்கள். சிலர் முந்தின நாள் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்ததைக் காரணமாகச் சொல்வார்கள். மற்றும் சிலர், இது பக்கவாதம், இனி கையும் காலும் விழுந்துவிடும் என்று நடுங்கிப்போய் வருகிறார்கள்.

அந்தப் பயத்தை நாங்கள் ஒருபோதும் கேலி செய்வதில்லை. மூளையில் இரத்த ஓட்டம் தடைப்பட்டாலும் வாய் கோணத்தான் செய்யும். இரண்டையும் பிரித்தறிய மருத்துவர் முதலாவது பார்ப்பது நெற்றியைத்தான். "புருவத்தை உயர்த்துங்கள்" என்பார். நெற்றியின் ஒவ்வொரு பக்கத்துக்கும் மூளையின் இரண்டு பக்கங்களிலிருந்தும் கட்டளை வருகிறது. ஆகவே மூளையின் ஒரு பக்கம் பழுதானாலும் நெற்றி சுருங்கும், வாய் மட்டும் கோணும். முக நரம்பே பழுதாகியிருந்தால் அந்தப் பக்கத்து நெற்றி பலகையைப்போல் வழவழவென்று நின்றுவிடும். இதை அறிந்துகொண்டு வீட்டிலேயே தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள் என்று தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம். இந்த விதிக்கு விலக்குகளும் உண்டு. முகம் திடீரென்று கோணினால், அதிலும் கை கால் பலவீனமோ பேச்சுக் குழறலோ கூடவே இருந்தால், அந்த மணி நேரத்திலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதுதான் சரி.

முக நரம்பு மூளையின் அடித்தண்டில் புறப்பட்டு, காதுக்குள் இருக்கும் எலும்பில் ஒரு குறுகிய குழாய் வழியாக வளைந்து வந்து, காது மடலுக்குக் கீழே வெளிப்படுகிறது. பிறகு கன்னத்திலுள்ள உமிழ்நீர்ச் சுரப்பிக்குள் நுழைந்து, விரித்த கைவிரல்களைப்போல ஐந்து கிளைகளாகப் பிரிந்து, நெற்றி, கண், கன்னம், வாயோரம், கழுத்து என்று போய்ச் சேருகிறது. எலும்புக் குழாய்க்குள் நரம்பு வீங்கினால் அது விரிய இடம் கிடையாது, நசுங்கிவிடும். சீழ் வடியும் காதை வருடக்கணக்கில் கவனியாமல் விட்டாலும், காதில் அக்கி வந்தாலும், விபத்தில் காதெலும்பு முறிந்தாலும், கன்னச் சுரப்பியில் கட்டி வளர்ந்தாலும் இதே நரம்பு பாதிக்கப்படும். இவை ஒன்றும் இல்லாமல் திடீரென்று வருவதே அதிகம். அதற்கு பெல் முகவாதம் என்று பெயர். எடின்பரோவில் பிறந்து லண்டனில் பணிபுரிந்த சார்லஸ் பெல் என்ற அறுவை மருத்துவர் 1821இல் ராயல் சொசைட்டியில் நரம்புகளைப் பற்றிய தமது கட்டுரையை வாசித்தார். முகத்தை அசைக்கும் நரம்பும் முகத்துக்கு உணர்ச்சி தரும் நரம்பும் வெவ்வேறானவை என்று காட்டிய ஆராய்ச்சி வரிசையில் அது ஒன்று. இந்த வேறுபாட்டை வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். தொழுநோயைப் பற்றிச் சொல்லும்போது இது மறுபடியும் வரும்.

இனி எண்ணுக்கு வருவோம். நெடுங்காலமாக ஒவ்வொரு மருத்துவரும் தம் மனதுக்குப் பட்டபடி "பரவாயில்லை", "நல்ல முன்னேற்றம்" என்று எழுதி வந்தார்கள். ஒருவருடைய "நல்ல முன்னேற்றம்" மற்றவருக்கு "சுமார்". இப்படி இருந்தால் எந்தச் சிகிச்சை சிறந்தது என்று எப்படி ஒப்பிடுவது? லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்தின் காது அறுவை மருத்துவர்களான ஜான் ஹவுஸ், டெரால்ட் பிராக்மன் இருவரும் 1985இல் வெளியிட்ட ஆறுபடி அளவுமுறையே இன்றும் உலகமெங்கும் அதிகமாகப் பயன்படுகிறது. அதற்கு எந்த இயந்திரமும் தேவையில்லை என்பது எங்களைப் போன்ற மருத்துவமனைகளுக்குப் பெரிய ஆறுதல். வெளிச்சமான இடத்தில் எதிரே உட்காரவைத்து, முதலில் சும்மா இருக்கும் முகத்தைப் பார்க்க வேண்டும். பிறகு புருவத்தை உயர்த்தச் சொல்லி, கண்ணை மூடச் சொல்லி, பல் தெரியச் சிரிக்கச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

இரண்டாம் படியில் உற்றுப் பார்த்தால்தான் குறை தெரியும். மூன்றாம் படியில் இரு பக்கத்துக்கும் வித்தியாசம் பார்த்தவுடனே தெரியும், ஆனாலும் முகம் விகாரமாக இராது. முயற்சி செய்தால் கண் முழுவதும் மூடும். நான்காம் படியில் நெற்றி அசையாது, சிரித்தால் வாய் கோணும், எவ்வளவு முயன்றாலும் கண் முழுவதும் மூடாது. ஐந்தாம் படியில் முகம் சும்மா இருக்கும்போதே கோணல் தெரியும், அசைவு இருப்பதும் இல்லாததும் சந்தேகம்போல இருக்கும். ஆறில் அசைவே கிடையாது.

இவற்றில் எங்கள் மருத்துவர்கள் மிகவும் கவனமாகப் பார்ப்பது மூன்றுக்கும் நான்குக்கும் நடுவிலுள்ள கோட்டைத்தான். அந்தக் கோடு கண்ணில் இருக்கிறது. வாய் கோணுவது வேதனைதான். பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டே பேசுகிறார்கள். பாடகர் குழுவில் முன்வரிசையில் நின்றவர் பின்னால் போய்விடுகிறார். ஆனால் வாய் கோணியதால் வாய் அழிந்துபோவதில்லை. கண் அப்படியல்ல. கருவிழி எப்போதும் ஈரமாக இருக்க வேண்டும். நாம் அறியாமலே நிமிஷத்துக்குப் பத்துப் பதினைந்து தடவை இமைத்து, கண்ணீரை அதன்மேல் தடவிக்கொண்டிருக்கிறோம். இமைப்பது நின்றுபோனால் கருவிழி உலர்ந்து, தூசி பட்டு, புண்ணாகி, அந்தப் புண்ணில் கிருமி சேர்ந்து, ஆறினாலும் வெள்ளைத் தழும்பாக நின்றுவிடும். பார்வை போய்விடும்.

இங்கே வீட்டார் அடிக்கடி கேட்கும் ஒரு சந்தேகம்: "நரம்பு செத்துவிட்டது என்கிறீர்கள், கண் நன்றாகத் திறக்கிறதே?" இமையைத் திறக்கும் தசைக்கு வேறொரு நரம்பு வேலை செய்கிறது, அது பழுதாகவில்லை. மூடும் தசை மட்டுமே முக நரம்பைச் சேர்ந்தது. இன்னொன்று, கண்ணை மூட முயலும்போது விழி மேலே புரண்டு வெள்ளை மட்டும் தெரியும். "கண் செருகிவிட்டது" என்று பயந்துபோகிறார்கள். இது நம்மில் பெரும்பாலோருக்கு மூடிய இமைக்குள்ளே நடப்பதுதான். இதையும் சார்லஸ் பெல்லின் பெயராலேயே அழைக்கிறார்கள். பயப்படத் தேவையில்லை, சொல்லப்போனால் கருவிழியை ஓரளவு மறைத்துக் காப்பதும் இதுவே.

ஆகவே 4, 5, 6 என்று சீட்டில் எழுதப்பட்டால் அன்றைக்கே கண்ணுக்கான காரியங்கள் ஆரம்பமாகிவிடும். பகலில் அடிக்கடி செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு, இரவில் களிம்பு, படுக்கும்போது இமையைக் கீழே இழுத்து ஒட்டும் மெல்லிய நாடா, வெளியே போக ஒரு கண்ணாடி. செலவு அதிகமில்லை. பஞ்சை வைத்துத் தளர்வாகக் கட்டிக்கொண்டு வருகிறவர்களின் கட்டை அவிழ்த்துவிடுகிறோம். உள்ளே கண் திறந்துகொண்டால் அந்தப் பஞ்சே கருவிழியை உரசிப் புண்ணாக்கிவிடும்.

பெல் முகவாதத்துக்குச் செய்யும் சிகிச்சையிலும் இந்த எண்ணுக்குப் பெரிய பங்கு உண்டு. ஸ்காட்லாந்தில் 551 வியாதியஸ்தர்களிடம் நடத்திய ஓர் ஆய்வு 2007இல் வெளியாயிற்று. முகம் கோணிய 72 மணி நேரத்துக்குள் வந்தவர்களுக்கு மட்டும் 10 நாள் சிகிச்சை கொடுத்தார்கள். பிரட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை பெற்றவர்களில் 100க்கு 83 பேர் 3 மாதத்தில் முற்றிலும் குணமானார்கள். பெறாதவர்களில் 64 பேர். 9 மாதத்தில் அது 94க்கு 82. கூடவே சோதித்த வைரஸ் எதிர்ப்பு மாத்திரையால் எந்தக் கூடுதல் பலனும் தெரியவில்லை. "முற்றிலும் குணம்" என்பதைத் தீர்மானித்தது யார்? சும்மா இருக்கும் முகம், சிரிக்கும் முகம், புருவம் உயர்த்திய முகம், கண்ணை இறுக மூடிய முகம் என்று எடுத்த புகைப்படங்களை மூன்று நிபுணர்கள் தனித்தனியே பார்த்து, ஹவுஸ் – பிராக்மன் அளவில் எண் கொடுத்தார்கள். யாருக்கு எந்த மாத்திரை என்று அவர்களுக்குத் தெரியாது. எந்த மருந்துக் கடையிலும் கிடைக்கும் மலிவான மாத்திரை ஒன்றின் மதிப்பு இப்படித்தான் உறுதியாயிற்று. எல்லாரும் ஒரே அளவுகோலை வைத்திராவிட்டால் இது சாத்தியமாகியிராது.

அதே ஆய்வை மறுபக்கத்திலிருந்து பார்த்தால், மாத்திரை இல்லாமலே பெரும்பாலோர் குணமடைகிறார்கள் என்பதும் விளங்கும். மந்திரித்த கயிறும் கன்னத்தில் பூசும் எண்ணெயும் பெயர் வாங்கிக்கொள்வது இதனால்தான். அவற்றை நம்பி முதல் மூன்று நாளைக் கழித்துவிடுவதே எங்கள் வருத்தம். இன்னொரு காரியத்தையும் சொல்லவேண்டும். பலவீனம் முதல் மூன்று நாள் வரை கூடிக்கொண்டே போகக்கூடும். முதல் நாள் 3 என்று எழுதிய முகம் மூன்றாம் நாள் 5 ஆகும். "மாத்திரை சாப்பிட்டபிறகுதான் மோசமாயிற்று" என்று மருந்தை நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. இதை முன்னதாகவே சொல்லி அனுப்ப வேண்டியிருக்கிறது. பெரும்பாலும் மூன்று வாரத்துக்குள் அசைவு திரும்பத் தொடங்கும். மூன்று மாதமாகியும் துளியும் திரும்பாவிட்டால் இது பெல் முகவாதந்தானா என்று மறுபடி தேடிப்பார்க்க வேண்டும்.

ஆறு படிகளால் எல்லாவற்றையும் சொல்லிவிட முடியாது. செத்த நரம்பு மறுபடி முளைக்கும்போது நாளுக்கு ஏறக்குறைய 1 மி.மீ. வீதம் வளருகிறது. வழியில் இழைகள் இடம் மாறிப்போவதுண்டு. வாய்க்குப் போகவேண்டிய இழை கண்ணுக்குப் போய்விட்டால், சிரிக்கும்போதெல்லாம் கண் சுருங்கும். உமிழ்நீருக்கு உரிய இழை கண்ணீர்ச் சுரப்பிக்குப் போனால், சாப்பாட்டின் முன் உட்கார்ந்ததும் கண்ணீர் வடியும். இவருக்கு எண் 2 என்பதா, 3 என்பதா? இந்தக் குறையை நீக்க கனடாவின் டொராண்டோவில் 1996இல் சன்னிபுரூக் அளவுமுறை உருவானது. அதில் ஐந்து அசைவுகளுக்கு மொத்தம் 100 மதிப்பெண். சும்மா இருக்கும்போது தெரியும் கோணலுக்கும், இப்படித் தேவையில்லாமல் கூடவரும் அசைவுக்கும் மதிப்பெண் கழிக்கப்படும். சிறு முன்னேற்றமும் இதில் தெரிந்துவிடும் என்பதால் பிசியோதெரபி செய்பவர்கள் இதையே விரும்புகிறார்கள். பலூன் ஊதச் சொல்வதும் சூயிங்கம் மெல்லச் சொல்வதும் ஊரெங்கும் வழக்கம். கண்ணாடி முன் உட்கார்ந்து, சிறிதாக, மெதுவாக, இரு பக்கமும் சமமாக அசைத்துப் பழகுவதே மேல் என்று இன்றைய பிசியோதெரபி நிபுணர்கள் கருதுகிறார்கள். பலமாக ஊதினால் இடம் மாறிய இழைகளும் சேர்ந்து வேலை செய்யப் பழகிவிடும்.

அதே 1996இல் அமெரிக்காவில் வேறொரு அளவும் வெளியாயிற்று. அதில் மருத்துவர் பார்ப்பதில்லை, வியாதியஸ்தரே பதில் சொல்லுகிறார். சாப்பிடும்போது உணவு வாயில் நிற்கிறதா, டம்ளரில் குடிக்க முடிகிறதா, வாய் கொப்பளிக்க முடிகிறதா, மனிதரைப் பார்க்க விருப்பமின்றி ஒதுங்கி இருக்கிறீர்களா என்று கேள்விகள் போகும். மருத்துவர் 2 என்று எழுதிய ஒருவர், இதில் மிகவும் தாழ்ந்த மதிப்பெண் தருவதுண்டு. எங்கள் அனுபவத்தில் கலியாணத்துக்கு நாள் குறித்த வீடுகளில் இது சாதாரணம். அவர்களிடம் "உங்களுக்கு 2தான், சந்தோஷப்படுங்கள்" என்று சொல்வதில் பயனில்லை.

ஆனால் ஆறு படிகள் அடியோடு பொருந்தாமல் போகும் இடம் எங்கள் தொழுநோய்ப் பிரிவு. தொழுநோய்க் கிருமி உடலின் குளிர்ச்சியான, தோலுக்கு அருகிலுள்ள நரம்புகளையே நாடும். முக நரம்பின் ஐந்து கிளைகளில், கன்ன எலும்பின்மேல் தோலுக்கடியிலேயே ஓடிக் கண்ணுக்குப் போகும் கிளை அதற்கு எளிதில் அகப்படுகிறது. முகத்தில் கண்ணைச் சுற்றித் தேமல் உள்ளவர்களுக்கு ஆபத்து அதிகம். இவர்களுக்கு நெற்றி ஓரளவு சுருங்கும், வாய் நேராகச் சிரிக்கும், கண் மட்டும் மூடாது. ஹவுஸ் – பிராக்மன் முறையில் நெற்றிக்கு 2, வாய்க்கு 1, கண்ணுக்கு 4 என்று மூன்று விடை வரும். எதை எழுதுவது? முகம் முழுவதற்கும் ஒரே எண் என்று வைத்தால், மூடாத கண் அந்த எண்ணுக்குள் மறைந்துபோகும்.

ஆகவே அங்கே நாங்கள் எடுப்பது சாதாரண ஸ்கேல். "தூங்குவதுபோல் மெதுவாக மூடுங்கள்" என்று சொல்லி, இமைகளுக்கு நடுவே எத்தனை மி.மீ. இடைவெளி என்று அளக்கிறோம். பிறகு "இறுக்கி மூடுங்கள்" என்று சொல்லி மறுபடி அளக்கிறோம். இறுக்கி மூடும்போது இடைவெளி இல்லையென்று திருப்தியாகிவிடக் கூடாது. இரவில் யாரும் இறுக்கிக்கொண்டு தூங்குவதில்லை. உலக சுகாதார நிறுவனம் தொழுநோய் ஊனத்தை 0, 1, 2 என்று பிரிக்கிறது. கண்ணுக்கு 2 என்பது 6 மீட்டர் தூரத்தில் காட்டும் விரல்களை எண்ண முடியாத நிலை. ஆனால் பார்வை நன்றாகவே இருந்தும் இமை மூடாவிட்டால், அதுவும் 2 என்றே எழுத வேண்டும். இது சரியான முடிவு என்பது எங்கள் எண்ணம். பார்வை போகும்வரை காத்திருந்து எழுதும் எண்ணால் யாருக்கு லாபம்?

மூடாத கண்ணுக்கு மருத்துவ நூல்களில் உள்ள கிரேக்கப் பெயரின் பொருள் "முயல் கண்". முயல் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கும் என்று அக்காலத்தவர் நம்பினார்கள்.

முகத்துக்கு உணர்ச்சி தரும் நரம்பு வேறு என்று மேலே எழுதினோம். தொழுநோயில் சிலருக்கு அதுவும் சேர்ந்து போய்விடுகிறது. அப்போது கருவிழியில் மணல் விழுந்தாலும் உறுத்தாது, புண் வந்தாலும் வலிக்காது. பெல் முகவாதம் வந்தவர் கண் எரிகிறது என்று தானே ஓடிவருவார், இவர் வரமாட்டார். விரல்கள் மடங்கிப் போனவரானால் சொட்டு மருந்துப் புட்டியை அழுத்தவும் முடியாது. தழும்பேறிய கையால் கண்ணைத் துடைத்துக்கொள்வார், அதுவே கருவிழியைக் கீறிவிடும். பார்வையற்றவர்கள் விரல் நுனியால் தடவி உலகத்தை அறிந்துகொள்கிறார்கள். உணர்ச்சியற்ற விரல்களோடு பார்வையும் போனால் தடவி அறியவும் வழியில்லை.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயால் மடங்கிய கைகளை அறுவையால் சீராக்கியதைப் பலரும் அறிவார்கள். அவருடைய துணைவியார் டாக்டர் மார்கரெட் பிராண்ட் கண் மருத்துவர். வேலூரிலும் கரிகிரியிலும், 1966க்குப் பின் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனையிலும், தொழுநோயாளிகளின் கண்களுக்காகவே உழைத்தவர், 2014இல் காலமானார். கணவர் அளவுக்கு அவரைப் பற்றி நம் சபைகளில் பேசப்படுவதில்லை என்பதில் எங்களுக்குக் கொஞ்சம் ஆதங்கம் உண்டு.

இமை மூடாமல் போய் 6 மாதத்துக்குள் வந்தால் ஸ்டீராய்டு மாத்திரையால் நரம்பு திரும்ப வாய்ப்பு இருக்கிறது. அதனால்தான் எங்கள் கள ஊழியர்கள் கிராமத்துக்குப் போகும்போது, தேமலைப் பார்ப்பதோடு நில்லாமல், ஒவ்வொருவரையும் கண்ணை மூடச் சொல்லிப் பார்க்கிறார்கள். காலம் கடந்துவிட்டால் நரம்பை எழுப்ப முடியாது. இடைவெளி பெரிதாக இருந்தால் அறுவைதான் வழி. இமைகளின் வெளி ஓரத்தைச் சேர்த்துத் தைத்துத் திறப்பைச் சிறிதாக்குவது ஒன்று. மற்றது இன்னும் அருமையானது. மெல்லும்போது நெற்றிப்பொட்டில் கைவைத்தால் ஒரு தசை அசைவது தெரியும் அல்லவா? அதற்குக் கட்டளை தருவது முக நரம்பு அல்ல, ஆகவே அது பிழைத்திருக்கிறது. அந்தத் தசையிலிருந்து ஒரு பட்டையை எடுத்து, மேலிமை கீழிமை வழியாகச் செலுத்தி, மூக்கோரத்தில் கட்டிவிடுகிறார்கள். இனி பல்லைக் கடித்தால் கண் மூடும்.

சுகமான பிறகு இவர்கள் நாள் முழுவதும் நினைத்து நினைத்துப் பல்லைக் கடித்துப் பழக வேண்டும். சாப்பிட உட்கார்ந்தால் ஒவ்வொரு கவளத்துக்கும் கண் மூடித் திறக்கும். இவர்களுடைய சீட்டில் இரண்டு வரிகள் இருக்கும்: தூங்குவதுபோல் மூடும்போது இடைவெளி எத்தனை, பல்லைக் கடித்து மூடும்போது எத்தனை. இரண்டாவது வரியில் 0 வந்தபிறகும் முதல் வரியில் இரண்டொரு மி.மீ. மீந்திருப்பதுண்டு. அப்படிப்பட்டவர்களை வீட்டுக்கு அனுப்பும்போது கண் களிம்பும், இரவில் முகத்தை மூடிக்கொள்ள மெல்லிய துணியும், காலையில் கண் சிவந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள ஒரு சிறிய கைக்கண்ணாடியும் கொடுத்தனுப்புகிறோம்.